அப்டேட் வந்து கைப்பழக்கம் கலைந்தால்: மலையூர் டிசைன் கடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

டிசைன் சாஃப்ட்வேர் அப்டேட் ஆன மறுநாள் காலையில் கடைகளில் கேட்கும் முதல் குரல் பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, அந்த மெனு எங்கே போச்சு?" கல்யாணப் பத்திரிகை, ஹோம்மேட் சாக்லேட் பெட்டி, தைலப் புட்டி லேபிள், காட்டேஜ் மெனு கார்டு என்று வேலை வரிசையாக நிற்கும். செய்யும் ஆள் அதே ஆள், கம்ப்யூட்டரும் அதேதான். ஆனால் அரை மணி நேர வேலை மதியம் வரை இழுக்கும்.

அந்த எரிச்சல் நியாயமானது. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவரின் கண் அடுத்த செடிக்குப் போகும்போதே விரல் இந்தச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுத்துவிடும். டிசைனரின் கையும் அப்படித்தான் பழகியிருக்கிறது. ஷார்ட்கட் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார், கை யோசிக்காமல் அழுத்திவிடும். அந்தப் பழக்கத்தைக் கலைத்துவிட்டு "உங்களுக்குப் புதுசு கத்துக்க மனசில்லை" என்று சொல்வது தப்பு. வருஷக்கணக்கில் சேர்த்த திறமையில் ஒரு பகுதியைத்தான் அவர் இழந்திருக்கிறார்.

இந்த வழிகாட்டி குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் சின்னக் கடை நடத்துபவர்களையும் வீட்டிலிருந்து டிசைன் செய்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. இதில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான். அப்டேட்டுக்கு நாம் தேதி குறிக்க வேண்டும், அது நமக்குத் தேதி குறிக்கக் கூடாது.

1. முதலில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள்

அடோபி மென்பொருள் என்றால் கிரியேட்டிவ் கிளவுட் செயலியின் ப்ரிஃபரன்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள். கோரல் டிராவிலும் அப்டேட் அமைப்பு தனியாக இருக்கிறது, அதை "கேட்டுவிட்டுச் செய்" என்ற நிலைக்கு மாற்றலாம். கிம்ப், இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள்களை விண்டோஸில் நேரடியாக இறக்கி நிறுவியிருந்தால் பெரும்பாலும் நீங்களாகப் புதியதை நிறுவும் வரை பழையதே இருக்கும்.

கேன்வா, ஃபிக்மா போல பிரௌசரில் ஓடுபவற்றில் இந்த வசதியே கிடையாது. அங்கே நம் கையில் இருப்பது ஃபைல் மட்டும்தான். முடிந்த வேலை ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆகவும், லோகோ போன்றவற்றை எஸ்.வி.ஜி. ஆகவும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள். வாடிக்கையாளரின் லோகோ ஒரு வெப்சைட்டுக்குள் மட்டும் இருப்பது நல்லதல்ல.

நிறுத்துவது என்றால் நிரந்தரமாக நிறுத்துவதல்ல. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் சிறிய அப்டேட்கள் வரும், அவை அவசியம். பதிப்பு எண்ணில் முதல் எண் மாறினால் அது பெரிய மாற்றம். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மாறினால் பெரும்பாலும் சின்னத் திருத்தம், ஆனால் கிம்ப், இங்க்ஸ்கேப்பில் அதுவும் பெரிய மாற்றமாக இருக்கலாம். சின்னதை அன்று மாலையே போடலாம். பெரியதற்குத்தான் கீழே வரும் படிகள் எல்லாம்.

2. மலைக்குத் தோதான தேதி

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அடோபியின் பெரிய பதிப்புகள் வழக்கமாக அக்டோபரை ஒட்டி வருகின்றன. அதே நேரத்தில்தான் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் கொடைக்கானலிலும் வடகிழக்குப் பருவமழை இறங்கும். மரம் சாய்ந்து கரண்ட் போகும், நெட் விட்டு விட்டு வரும், கூடவே தீபாவளி ஆர்டரும் நிற்கும். கோரல் டிரா சில வருஷங்களாக மார்ச்சில் புதுப் பதிப்பு விடுகிறது. அது கோடை சீசனுக்கு முந்தைய நெருக்கடி. மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தை எதிர்பார்த்து எல்லாக் கடைக்காரர்களும் லேபிளும் போர்டும் கேட்டு வரும் நேரம். மென்பொருள் நிறுவனங்களின் காலண்டருக்கும் நம் காலண்டருக்கும் ஒட்டே இல்லை.

என் கணக்கு இது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் கடைகளுக்கு ஆடி மாதம் நல்லது. கல்யாண வேலை குறைவு, சீசன் கூட்டம் இறங்கியிருக்கும், பெரிய மழை இன்னும் வந்திருக்காது. கூடலூர், பந்தலூர், ஊட்டிக்கு ஆடி ஆகாது, தென்மேற்கு மழை அப்போதுதான் கொட்டும். அங்கே மார்கழி சரியாக வரும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கான வேலையை டெலிவரி கொடுத்த பிறகு, தை முகூர்த்தப் பத்திரிகைகள் வந்து குவிவதற்குள் முடித்துவிடுங்கள். படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ் அடிப்பவர்கள் அந்த நாட்களையும் தள்ளி வைத்துக் குறிக்க வேண்டும்.

புதுப் பதிப்பு வெளியான வாரமே போடாமல் இப்படிச் சில மாதம் தள்ளிப் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. முதல் பதிப்பில் இருக்கும் கோளாறுகளுக்கு அதற்குள் திருத்தம் வந்திருக்கும்.

இறக்கும் வேலையை இரவில் வையுங்கள். நிறுவும்போது யு.பி.எஸ். அவசியம். பாதியில் கரண்ட் போனால் பழையதும் ஓடாது, புதியதும் ஓடாது என்ற நிலைமை வரலாம். முழு இன்ஸ்டாலர் ஃபைல் கிடைக்கும் மென்பொருளுக்கு அதை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள், மறுபடி இறக்க வேண்டியிருக்காது.

3. அப்டேட்டுக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஃபைல்களை பேக்கப் எடுப்பவர்கள்கூட தங்கள் அமைப்புகளை எடுப்பதில்லை. கைப்பழக்கம் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஃபோட்டோஷாப்பில் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் திறந்தால் "சம்மரைஸ்" என்று ஒரு பொத்தான் இருக்கும். உங்கள் ஷார்ட்கட்கள் முழுவதையும் ஒரு பட்டியலாக எடுத்துத் தரும். அதை அச்சடித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆக்‌ஷன் பேனலில் ஒவ்வொரு தொகுப்பையும் தேர்ந்தெடுத்து "சேவ் ஆக்‌ஷன்ஸ்" கொடுத்துத் தனி ஃபைலாகச் சேமியுங்கள். பாஸ்போர்ட் போட்டோ அடுக்கும் ஆக்‌ஷன் காணாமல் போனால் போட்டோக் கடைக்கு அன்றைய வியாபாரமே போகும். பிரஷ், ஸ்வாட்ச் எல்லாவற்றையும் ப்ரிசெட்ஸ் எக்ஸ்போர்ட் வழியாக எடுக்கலாம். முழு அமைப்பும் வேண்டும் என்றால் விண்டோஸில் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில், ரோமிங்கில், அடோபி ஃபோல்டருக்குள் ஃபோட்டோஷாப் செட்டிங்ஸ் ஃபோல்டர் இருக்கிறது. அதையே அப்படியே நகலெடுத்துவிடுங்கள்.

கோரல் டிராவில் வொர்க்ஸ்பேஸை எக்ஸ்போர்ட் செய்யலாம். பதிப்புக்குப் பதிப்பு அந்தப் பொத்தானின் இடம் மாறும், ஆப்ஷன்ஸில் வொர்க்ஸ்பேஸ் என்ற தலைப்பின் கீழ் தேடினால் கிடைக்கும்.

அப்புறம், திரையை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட். எந்த பேனல் எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு வாதாட வேண்டியதில்லை.

4. பழையதை அழிக்காமல் புதியதை நிறுவுங்கள்

கிரியேட்டிவ் கிளவுட்டில் பெரிய பதிப்புக்கு மாறும்போது கூடுதல் விருப்பங்கள் என்ற பகுதியில் இரண்டு கேள்விகள் இருக்கும். முந்தைய அமைப்புகளைக் கொண்டுவரட்டுமா என்பது ஒன்று, அதற்கு ஆம் சொல்லுங்கள். பழைய பதிப்பை நீக்கட்டுமா என்பது இன்னொன்று, அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கவனிக்காமல் அடுத்து, அடுத்து என்று அழுத்தினால் பழையது போய்விடும். திரும்ப வேண்டும் என்றால் பொதுவாக இப்போதைய பெரிய பதிப்பும் அதற்கு முந்தையதும் மட்டுமே அடோபியிடம் கிடைக்கும்.

இரண்டு கம்ப்யூட்டர் உள்ள கடையில் ஒன்றில் மட்டும் முதலில் போடுங்கள். பார்ட்டி வந்து நிற்கும்போது ஓடுகிற கம்ப்யூட்டர் பழையதாகவே இருக்கட்டும்.

புதியது விசித்திரமாக நடந்துகொண்டால் பெரும்பாலும் பழைய அமைப்புகள் புதியதோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் அமைப்புகளை அழிக்கலாமா என்று கேட்கும். கோரல் டிராவுக்கு எஃப்8. மூன்றாம் படியை முடித்தவர்கள் மட்டும் இதைத் தைரியமாகச் செய்யலாம்.

5. மாறியவற்றைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு அப்டேட்டில் நூறு மாற்றம் இருக்கலாம், உங்கள் வேலையைத் தொடுவது அதில் கொஞ்சம்தான். ஒரு நாள் முழுக்க புதியதில் வேலை செய்து, கை தடுக்கிய இடத்தையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: இதைப் பழையபடி மாற்ற முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

அக்டோபர் 2018-ல் வந்த ஃபோட்டோஷாப் சிசி 2019 இதற்கு நல்ல உதாரணம். அதுவரை கன்ட்ரோல்+இசட் ஒரு படி மட்டும் பின்னால் போய், மறுபடி அழுத்தினால் முன்னால் வரும். டிசைனர்கள் அதையே முன்-பின் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்தினார்கள். புதியதில் அழுத்த அழுத்தப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பழையது வேண்டும் என்றால் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் திறந்து "யூஸ் லெகசி அன்டூ ஷார்ட்கட்ஸ்" டிக் செய்து ஃபோட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும்.

அதே பதிப்பில் ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மும் தலைகீழானது. முன்பு ஷிஃப்ட் பிடித்தால்தான் அளவு விகிதம் மாறாமல் பெரிதாகும். இப்போது பிடிக்காமலே விகிதம் காக்கும், ஷிஃப்ட் பிடித்தால் இழுபடும். மணமக்கள் படம் ஒல்லியாகவும் குண்டாகவும் பத்திரிகையில் போவது இப்படித்தான். ப்ரிஃபரன்ஸில் ஜெனரல் பகுதியில் "யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்" என்பதை டிக் செய்தால் பழையபடி ஆகும். எழுத்துக் கருவியைச் சொடுக்கியதும் வந்து விழும் மாதிரி லத்தீன் வாக்கியம் வேண்டாம் என்றால் டைப் பகுதியில் ப்ளேஸ்ஹோல்டர் டிக்கை எடுங்கள். புதிய ஃபைல் தொடங்கும் பெரிய பெட்டி வேண்டாம் என்றால் அதற்கும் ஜெனரல் பகுதியில் லெகசி விருப்பம் உண்டு. 2023-ல் வந்த, படத்துக்குக் கீழே மிதக்கும் கான்டெக்ஸ்சுவல் டாஸ்க் பாரை விண்டோ மெனுவில் அணைக்கலாம்.

இவற்றில் என் தீர்ப்பைச் சொல்கிறேன். கன்ட்ரோல்+இசட் விஷயத்தில் புதியதையே பழகுங்கள். மற்ற எல்லா மென்பொருளிலும் அப்படித்தான் இருக்கிறது, பல படி பின்னால் போவது உண்மையில் வசதி. ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் எதை வைத்தாலும் சரி, ஆனால் கடையில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி வையுங்கள். ஒரு மெஷினில் ஷிஃப்ட் ஒரு அர்த்தம், பக்கத்து மெஷினில் வேறு அர்த்தம் என்றால் வேலை செய்யும் தம்பி இரண்டிலும் தடுமாறுவான்.

கிம்ப்பில் 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து சேவ் கொடுத்தால் அதன் சொந்த எக்ஸ்.சி.எஃப். மட்டும்தான். ஜேபெக் வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட், அதற்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+இ. இதை மாற்ற வழியில்லை, பழகத்தான் வேண்டும். லேயரோடு ஒரிஜினல் பத்திரமாக இருக்கிறது என்ற நன்மை இதில் உண்டு. 2.10 வரிசையில் கருவிகள் குழுக்களாக ஒளிந்துகொண்டதைச் சரிசெய்யலாம், ப்ரிஃபரன்ஸில் டூல்பாக்ஸ் பகுதியில் "யூஸ் டூல் குரூப்ஸ்" டிக்கை எடுத்தால் போதும்.

மெனு மாறினால் கண்ணுக்குத் தெரியும், கணக்கு மாறினால் தெரியாது. அதுதான் பெரிய ஆபத்து. இங்க்ஸ்கேப் 2017-ல் 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்ததை 96 ஆக மாற்றியது. பழைய பதிப்பில் 100 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிக்சலில் போட்ட டீ பாக்கெட் லேபிளை அப்படியே படித்தால் 93.75 மில்லிமீட்டர்தான் வரும். பழைய ஃபைலைத் திறக்கும்போது என்ன செய்ய என்று ஒரு பெட்டி கேட்கும், படிக்காமல் மூடக் கூடாது. 2020 மே மாதம் வந்த 1.0 பதிப்பில் அளவு தொடங்கும் மூலை கீழ் இடதிலிருந்து மேல் இடதுக்குப் போனது, ப்ரிஃபரன்ஸில் இன்டர்ஃபேஸ் பகுதியில் பழையபடி மாற்றலாம்.

இதற்காகவே எந்த மென்பொருள் மாறினாலும் ஒரு பழைய லேபிளை நூறு சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

6. தமிழ் எழுத்துக்குத் தனிச் சோதனை

மென்பொருள் நிறுவனங்களின் வெளியீட்டுக் குறிப்பில் தமிழ் வராது. நாமேதான் பார்க்க வேண்டும். புதிய பதிப்பில் ஒரு வெற்றுப் பக்கம் திறந்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஃபான்ட்டிலும் இந்த வரியை அடியுங்கள்:

கோத்தகிரி, கொடைக்கானல், கூடலூர், மஞ்சூர், ஹெத்தையம்மன், பௌர்ணமி, லக்ஷ்மி, ஸ்ரீ

ஒகர ஓகாரக் கொம்பும் காலும், ஐகாரம், ஔகாரம், கூட்டெழுத்து என்று சிக்கல் வரும் இடங்கள் பெரும்பாலும் இந்த ஒரே வரியில் வந்துவிடும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ எழுத்து அடுக்கும் அமைப்பு மாறியிருக்கிறது. இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் "அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்" தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பில் டைப் ப்ரிஃபரன்ஸிலோ பாராகிராஃப் பேனல் மெனுவிலோ வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்று இருக்கும். பத்திரிகை முழுக்கக் கைவைக்கும் முன் அதை பாராகிராஃப் ஸ்டைலிலேயே சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

ஸ்ரீயை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம், ஸகரம் வைத்தும் ஶகரம் வைத்தும். சில ஃபான்ட்கள் ஒன்றை மட்டும் சேர்த்துக் காட்டும், மற்றதை உடைத்துவிடும். கோயில் நோட்டீஸ் அடிப்பவர்கள் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த ஃபைல்கள் கடையில் மலையாகக் கிடக்கும். ஃபான்ட் ட்ரூடைப் வகை என்றால் கவலை வேண்டாம், தொடர்ந்து ஓடும். பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகை என்றால் அடோபி அதைக் கைவிட்டுவிட்டது, ஃபோட்டோஷாப்பில் 2021-லேயே, இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டரில் 2023 ஜனவரியில். அந்த ஃபைல்களைப் புதியதில் திறந்தால் ஃபான்ட் இல்லை என்று சொல்லி, தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். பழைய பதிப்பு ஓடும்போதே அவற்றைத் திறந்து எழுத்தை வடிவமாக மாற்றி ஒரு பிரதி வையுங்கள்.

அடுத்தது வரி முறிவு. எழுத்து அடுக்கும் முறை லேசாக மாறினாலும் முகூர்த்த நேரம் அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரே ஃபைலைப் பழையதிலும் புதியதிலும் பி.டி.எஃப். எடுத்து, ஃபோட்டோஷாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரை டிஃபரன்ஸ் மோடுக்கு மாற்றுங்கள். மாறாத இடம் கறுப்பாக இருக்கும், மாறியது பளிச்சென்று தெரியும். கண்ணால் ஒப்பிடுவதைவிட இது நம்பகமானது.

7. கீழே போகும் ஃபைல்

நம் வேலையில் பெரும்பகுதி கோவைக்கோ சிவகாசிக்கோ அச்சுக்குப் போகிறது. அங்கே அச்சகத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். புதிய கோரல் டிராவில் சேமித்த ஃபைலைப் பழைய கோரல் டிரா திறக்காது. சேவ் ஆஸ் பெட்டியில் பதிப்பு எண் இருக்கும், அச்சகத்தின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகளை கன்ட்ரோல்+க்யூ கொடுத்து வளைவாக மாற்றிய பிரதியைத்தான் அனுப்ப வேண்டும். இன்டிசைன் என்றால் பழைய பதிப்பும் திறக்கக்கூடிய ஐ.டி.எம்.எல். வடிவம், இல்லஸ்ட்ரேட்டர் என்றால் சேமிக்கும்போது பழைய பதிப்பு. எதுவாக இருந்தாலும் கூடவே ஒரு பி.டி.எஃப்.

பேன்டோன் நிறம் (எண் வைத்துக் குறிக்கும் தயார் நிறம்) வைத்து பிராண்ட் நடத்தும் டீ, சாக்லேட் கம்பெனிகள் உங்கள் வாடிக்கையாளர் என்றால் ஒன்று கவனியுங்கள். 2022 இறுதியில் அடோபி மென்பொருள்களிலிருந்து பெரும்பாலான பேன்டோன் புத்தகங்கள் எடுக்கப்பட்டன. ஃபோட்டோஷாப்பில் சில பழைய ஃபைல்களில் அந்த நிறம் கறுப்பாகத் தெரிந்தது. ஒவ்வொரு பிராண்டுக்கும் சி.எம்.ஒய்.கே. (அச்சு மை நான்கின் அளவு) எண்களைத் தனியாக எழுதி வைப்பது நல்லது.

8. கை பழகும் காலம்

முதல் வாரம் விசிட்டிங் கார்டு, ஒரு பக்க நோட்டீஸ் போன்ற சின்ன வேலைகளைப் புதியதில் செய்யுங்கள். அவசர ஆர்டர் வந்தால் வெட்கப்படாமல் பழையதைத் திறங்கள். கடையில் இளையவர் இருந்தால் அவருக்கு முதலில் பழக்கிவிடுங்கள், யூடியூபில் கற்பவர்கள் பெரும்பாலும் புதிய பதிப்பில்தான் கற்கிறார்கள். "அக்கா, இதுக்கு இப்ப இங்க வரணும்" என்று அவர் காட்டும் இடத்தை மானிட்டர் பக்கத்துத் தாளில் பழைய ஷார்ட்கட்டுக்கு எதிரே எழுதுங்கள்.

இந்த நாட்களில் டெலிவரித் தேதியைச் சற்றுத் தள்ளிச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் பார்ட்டிகள் புரிந்துகொள்வார்கள்.

9. குறையை எழுதி அனுப்புங்கள்

எழுதி என்ன ஆகப் போகிறது என்று விடாதீர்கள். ஃபோட்டோஷாப் 2019-ல் பழைய டிரான்ஸ்ஃபார்ம் வேண்டும் என்றால் முதலில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதி அமைப்பு ஃபோல்டருக்குள் போட வேண்டியிருந்தது. பயனர்கள் விடாமல் கேட்ட பிறகுதான் ஒரே டிக்கில் முடியும் விருப்பம் வந்தது. ஃபிக்மா 2024-ல் மிதக்கும் பேனல்களோடு புதிய தோற்றம் விட்டது, எதிர்ப்பு வந்ததும் அதே வருஷம் பேனல்களை ஓரத்தில் பொருத்திவிட்டது.

எழுதும்போது கோபத்தை ஒரு வரியில் நிறுத்திவிட்டு விவரத்தைக் கொடுங்கள். பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, என்ன செய்தீர்கள், முன்பு என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கிறது, இரண்டு ஸ்கிரீன்ஷாட். தமிழ் எழுத்து உடைந்தால் ஃபான்ட் பெயரும் அந்த ஒரு சொல்லும் சேர்த்து. கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டுக்கும் ஜிட்லேப் தளத்தில் குறை பதியும் இடம் இருக்கிறது, யாரும் பதியலாம். தமிழில் அச்சுவேலை செய்பவர்கள் பதியாவிட்டால் தமிழ் உடைவது மென்பொருளை உருவாக்குபவர்களுக்குத் தெரிய வேறு வழி குறைவு.

10. பழைய பதிப்பை எடுக்கும் முன்

ஒரு முழு சீசனும் ஒரு முகூர்த்த காலமும் புதியதில் ஓடிய பிறகு எடுக்கலாம். அதற்கு முன் திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்களின் ஃபைல்களை மட்டுமாவது புதியதில் திறந்து, சரிபார்த்து, புதிய பெயரில் சேமியுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்கள் உள்ள கடைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் கடைசிப் பதிப்பு 7, 2001-ல் வந்தது, அதற்குப் பிறகு இல்லை. அந்த ஃபைல்களுக்காக நெட் இணைப்பைத் துண்டித்த ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓரமாக வைத்து, வேலை இல்லாத மழை நாட்களில் ஒவ்வொன்றாக பி.டி.எஃப். எடுத்து முடித்துவிடுங்கள். அந்த பி.டி.எஃப்.களில் ஒரு பிரதி கடையிலும் ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.